லீவே எடுக்காத கண்ணாடிக்காரர்

அக்காவுக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. பால் பாக்கெட் வாங்கினால் தேதியைப் பார்ப்பாள். தேதியை அச்சடித்தவனையும் நம்பாமல் பிரித்து முகர்ந்து பார்ப்பாள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், மனசு கேட்காமல் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். கல்யாணமான புதிதில் கணவர் ஒரு நாள் ஆசையாகக் கைக்கடிகாரம் வாங்கி வந்து நீட்டியபோது, "என்ன தப்பு பண்ணிட்டு வந்திருக்கீங்க?" என்று கேட்ட புண்ணியவதி. கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். "ஊருக்கெல்லாம் நான் கண்ணாடி போட்டு விடறேன். இவ மட்டும் எதையும் பெருசாக்கிக் காட்டற கண்ணாடியோடயே பொறந்துட்டா" என்று அன்றைக்குச் சொன்னதை இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் தலைவலியாக இருந்த இந்தக் குணம்தான் வேலை பார்க்கும் இடத்தில் அவளுக்குச் சோறு போட்டது. அது லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி. எங்கே லிஃப்ட் நின்றாலும் ஃபோன் அவளுக்குத்தான் வரும். எந்த மெக்கானிக்கை எந்தக் கட்டடத்துக்கு அனுப்புவது என்று தீர்மானிப்பதும் அவள்தான். மெக்கானிக்குகள் விடுகிற கதைகளை அவளைப் போல வடிகட்டிப் பார்க்க அந்தக் கம்பெனியில் ஆள் கிடையாது. வண்டி பஞ்சர் என்று ஒருவன் சொன்னால், "எந்த டயரு?" என்று கேட்பாள். அவன் யோசிக்கிற அந்த ஒரு நொடியிலேயே விஷயம் தெரிந்துவிடும். ஒருவனுடைய மாமனார் சனிக்கிழமைதோறும் மயக்கம் போட்டு விழுவார். அவனுக்குப் பெயரே 'மயக்கம்' என்று ஆகிப்போனது. இதில் கொடுமை என்னவென்றால், காலையில் மாமனாரைச் சொல்லி லீவு போட்டவன் அதே சாயங்காலம் அலுவலகப் படிக்கட்டில் வந்து நிற்பான். பொய் சொன்னால் அதைக் காப்பாற்றக்கூடவா ஒருத்தனுக்கு அக்கறை இருக்காது என்று அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

படிக்கட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அலுவலகம் நாலாவது மாடியில். கட்டடத்தில் லிஃப்ட் உண்டு. லிஃப்ட் கம்பெனி இருக்கிற கட்டடத்தில் அது இல்லாமல் இருக்குமா? ஆனால் சேர்ந்த நாளிலிருந்து அக்கா அதில் ஏறியதில்லை. கேட்டால், "படி ஏறினா உடம்புக்கு நல்லதாம்" என்பாள். உண்மை அதுவல்ல. காலையிலிருந்து சாயங்காலம் வரை, "உள்ள மாட்டிக்கிட்டோம், சீக்கிரம் வாங்க" என்ற குரல்களையே கேட்டுக்கொண்டிருப்பவளுக்கு அந்தப் பெட்டிக்குள் கால் வைக்க முடியவில்லை. இதை அவள் கட்டின புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. ஒரு தடவை படிக்கட்டு விளக்கு எரியாமல், இருட்டில் ஒரு படி தவறிக் கணுக்கால் பிசகி, வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் நொண்டிக்கொண்டு வந்தபோது வீட்டுக் குளியலறையில் வழுக்கிவிட்டது என்று சொல்லிவிட்டாள்.

அதற்கப்புறம் சில காலமாக இன்னொரு தொல்லை. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பினால் யாராவது ஒரு மெக்கானிக் படிக்கட்டில் ஒட்டிக்கொள்வான். லீவு கேட்கவோ, பக்கத்திலேயே வேலை கேட்கவோ அடி போடுகிறான் என்று அக்கா உஷாராக இருப்பாள். சில நாள் ஒன்றுமே கேட்காமல் கீழே வரை வந்துவிட்டு, "வரேன்க்கா" என்று போய்விடுவான். அப்படிப்பட்ட நாளில்தான் அவளுக்குச் சந்தேகம் இன்னும் அதிகமாகும். நாளைக்குப் பெரிதாக என்னவோ கேட்கப்போகிறான் என்று ராத்திரி சாப்பாட்டின்போது கணவரிடம் புலம்புவாள்.

அங்கே எல்லாருக்கும் அவள் அக்காதான். அவளைவிட வயதில் மூத்த மீசைக்காரருக்குக்கூட. அவர் அவளை அக்கா என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்று இதை வைத்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

மீசைக்காரர் அந்தக் கம்பெனியின் தலைமை மெக்கானிக். மோட்டார் ஓடும் சத்தத்தை ஃபோனில் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். பல வருஷத்துக்கு முன்னால், லிஃப்ட்டுக்கு அடியில் இருக்கிற குழிக்குள் அவர் இறங்கி மல்லாந்து படுத்து வேலை செய்துகொண்டிருந்தபோது, மேலே நிற்க வேண்டிய பெட்டி கீழே வந்துவிட்டது. நெஞ்சுக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றதால் ஆள் பிழைத்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. சில நாள் வீட்டில் இருந்துவிட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிட்டார்.

ஆனால் அதற்கப்புறம் குழி வேலைக்கு அனுப்பினால் மட்டும் அவரிடமிருந்து ஃபோன் வரும். "அக்கா, வண்டி மக்கர் பண்ணுது. வேற யாரையாவது அனுப்பிடுங்களேன்." அடுத்த தடவை வயிற்று வலி. அதற்கடுத்த தடவை மறுபடியும் வண்டி. நம்ம அக்கா சும்மா இருப்பாளா? போட்டிக் கம்பெனிக்குத் திருட்டுத்தனமாக வேலை பார்க்கிறார், இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு கட்டி, வாடகை வண்டி பிடித்து அந்தக் கட்டடத்துக்கே போய் இறங்கினாள்.

போட்டிக் கம்பெனியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவு திறந்திருந்தது. குழி வாய் பிளந்து கிடந்தது. அதற்கு எதிரே படியில் மீசைக்காரர் உட்கார்ந்திருந்தார். பட்டப்பகலில் கையில் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. சட்டை தொப்பலாக நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அவள் வந்த வழியே திரும்பி வந்து வேறொரு ஆளை அங்கே அனுப்பினாள். அன்றிலிருந்து மீசைக்காரருக்குக் குழி வேலையே போகாது. அந்த விஷயத்தைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டது கிடையாது.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் புது மேனேஜர் வந்தார், அவர் பின்னாலேயே புது சாஃப்ட்வேரும் வந்தது. இனிமேல் யார் எங்கே போவது என்பதை அதுவே தீர்மானிக்குமாம். ஆள் எங்கே இருக்கிறான், வேலை எங்கே இருக்கிறது, அந்த வேலை அவனுக்குத் தெரியுமா என்று பார்த்து, அவனுடைய ஃபோனுக்கே சேதி அனுப்பிவிடுமாம். அதற்கு முதலில் ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் ஒரு புரொஃபைல் போட வேண்டும். போட வேண்டியவள் அக்கா.

சொல்லிக்கொடுக்க வந்த பெண் வாய் நிறையச் சிரித்தாள். "எல்லாம் உங்க வேலையை ஈஸியாக்கத்தான் மேடம்" என்றாள். வேலையை ஈஸியாக்குகிறேன் என்று சொல்லி வருகிறவர்கள் கடைசியில் ஆளைத்தான் ஈஸியாக அனுப்புவார்கள் என்று அக்காவுக்குத் தெரியும். என் மண்டையில் இருப்பதையெல்லாம் இதில் கொட்டச் சொல்லிவிட்டு, கொட்டி முடித்ததும் என்னைக் கழற்றிவிடப் பார்க்கிறார்கள் என்று நினைத்தபடியே அவள் தட்டச்சுப் பலகையில் கை வைத்தாள்.

"மொதல்ல பழகறதுக்கு ஒரு ஆளைச் சும்மா உருவாக்கிப் பாருங்க மேடம். அப்புறம் அழிச்சிடலாம்" என்றாள் அந்தப் பெண். அக்கா வாயில் வந்த பெயர் ஒன்றைப் போட்டாள். ஃபோட்டோ கேட்டது. கணவர் கடைக்குப் புதிதாக ஒட்டியிருந்த விளம்பரத்தில், கறுப்புச் சட்டமிட்ட கண்ணாடியோடு ஒரு ஆள் சிரித்துக்கொண்டிருப்பான். அச்சகத்துக்காரன் சொன்ன கலரைத்தான் போட்டானா என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் படத்தை அக்கா ஃபோனில் எடுத்து வைத்திருந்தாள். அதையே ஏற்றினாள். அழிக்கலாம் என்று அந்தப் பெண் சொன்னபோது, எதற்கும் இருக்கட்டும் என்று அழிக்காமல் விட்டுவிட்டாள். சந்தேகப்படுகிறவர்கள் எதையும் லேசில் தூக்கிப்போட மாட்டார்கள்.

அப்புறம் மெக்கானிக்குகள் ஒவ்வொருவராக வந்தார்கள். அக்காவுக்கு அவர்கள்மேல் இருந்த சந்தேகத்துக்குக் கொஞ்சமும் குறையாத சந்தேகம் அவர்களுக்கும் அந்தக் கம்ப்யூட்டர்மேல் இருந்தது.

"ஃபோட்டோ எதுக்குக்கா? நாங்க என்ன கொலை பண்ணிட்டா ஓடிட்டோம்?"

"வீடு எங்கன்னு எதுக்குக் கேக்குது? வீட்டுக்கு வந்து எழுப்புமா?"

மயக்கம் இன்னும் ஒரு படி மேலே போனான். வீட்டு முகவரி கேட்டால் மாமனார் வீட்டைச் சொன்னான். "அங்க போடுங்கக்கா. என்னைத் தேடிக்கிட்டு யாராவது வந்தா அவரு பாத்துப்பாரு."

"அவருதான் மயக்கத்துல இருப்பாரே" என்றாள் அக்கா.

மீசைக்காரர் கடைசியில் வந்தார். ஃபோட்டோவுக்கு மீசையைத் தடவி நிமிர்ந்து உட்கார்ந்தார். வீடு, வேலை நேரம், போகிற பகுதி எல்லாம் முடிந்து தெரிந்த வேலைகளுக்கு வந்தார்கள். அக்கா ஒவ்வொன்றாக வாசிக்க, அவர் தலையாட்ட, அவள் டிக் போட்டுக்கொண்டே வந்தாள். கதவு, மோட்டார், பிரேக், வயரிங், உள்ளே மாட்டியவரை மீட்பது. அடுத்தது குழி வேலை. அக்கா அதை வாசிக்காமல் நிறுத்தினாள்.

அவரும் திரையைப் பார்த்துவிட்டார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். முதுகு வலிக்கிறது என்று உண்மையைச் சொன்ன ஒரு மெக்கானிக்கை, "வீட்ல நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று போன மாதம்தான் ஒரேயடியாக அனுப்பியிருந்தார். எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தால்தான் தலைமை மெக்கானிக் என்பதும் அவர் போட்ட விதிதான்.

"போடுங்க" என்றார் மீசைக்காரர்.

"போடவாண்ணே?"

"ஏன், எனக்குத் தெரியாதா?"

அக்கா டிக் போட்டாள். அவர் எழுந்து போனபோது நாற்காலியின் கைப்பிடி ஈரமாக இருந்தது.

சாஃப்ட்வேர் ஓட ஆரம்பித்த முதல் வாரத்திலேயே அவருக்கு ஒரு குழி வேலை விழுந்தது. அவர் வீட்டைச் சுற்றி இருப்பதெல்லாம் பழைய கட்டடங்கள். அவரைவிட்டால் அந்த இயந்திரம் வேறு யாரைப் பிடிக்கும்? அக்கா பதறிப்போய் அந்த வேலையைக் கையால் எடுத்து வேறொருவருக்கு மாற்றினாள். உடனே மீசைக்காரர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு குறி விழுந்தது, வேலையை மறுத்தார் என்று. மறுநாள் மேனேஜர் அவள் மேஜைக்கு வந்து, "ஏன் அவரு குழி வேலையை வேணாங்கறாரு?" என்று கேட்டார். "நெட்வொர்க் பிரச்சினை சார்" என்று சமாளித்தாள். இன்னும் இரண்டு குறி விழுந்தால் நெட்வொர்க் மேல் பழி போட முடியாது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மனுஷனுக்கு மகள் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்த வயதில் வேலை போனால் எங்கே போய் நிற்பார்?

அப்போதுதான் கண்ணாடிக்காரர் ஞாபகத்துக்கு வந்தார். அழிக்காமல் வைத்த அந்தச் சும்மா ஆள்.

அக்கா அவருடைய புரொஃபைலைத் திறந்தாள். தெரிந்த வேலை: குழி வேலை மட்டும். அதில் இருப்பதிலேயே உயர்ந்த கிரேடு. போகக்கூடிய பகுதி: எல்லாம். குழி வேலைக்கு முதல் உரிமை: இவருக்கே. மேஜை இழுப்பறையில் கிடந்த தன் பழைய ஃபோனில் அந்த ஆப்பைப் போட்டு, அதையே அவருடைய ஃபோனாக்கினாள். அன்றிலிருந்து எந்தக் குழி வேலையாக இருந்தாலும் நேராகக் கண்ணாடிக்காரருக்கு வரும். இழுப்பறை 'டிங்' என்று கூப்பிடும். அக்கா கையை உள்ளே விட்டு 'சரி'யை அமுக்குவாள். 'சரி' சொன்ன வேலையைக் கைமாற்றினால் சிவப்புக் குறி விழாது. அப்புறம் குழிக்குள் இறங்கப் பயப்படாத ஒருவரைப் பார்த்து அந்த வேலையை மாற்றிவிட்டு, ஃபோனிலும் சொல்லிவிடுவாள். மீசைக்காரர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பே விழவில்லை. தன்னைக் கழற்றிவிட வந்த இயந்திரத்துக்குள்ளேயே தனக்கு ஒரு வேலை செய்துகொண்டதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

வந்தது வினை. சாஃப்ட்வேர் மாதாமாதம் ஒரு பட்டியல் போடும், வேலையைச் சட்டென்று ஏற்றுக்கொள்கிறவர்கள் யார் யார் என்று. முதல் இடத்தில் கண்ணாடிக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். தாமதம் இல்லை, லீவு இல்லை, புகார் இல்லை. வேலை: குழி மட்டும். அந்தப் பட்டியல் எல்லா மெக்கானிக்குகளின் ஃபோனுக்கும் போனது.

"யாருக்கா இந்தப் புது ஆளு?"

"தெரியலப்பா. மேலேருந்து போட்டிருக்காங்க" என்றாள் அக்கா. ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய் தேவைப்படுகிறது என்று அவளுக்கே தன்மேல் எரிச்சல் வந்தது.

மேலேயிருந்து என்றதும் போதும், ஆளாளுக்கு ஒரு கதை கட்டினார்கள். முதலாளியின் மருமகன் என்றான் ஒருவன். நம்மை வேவு பார்க்க அனுப்பிய ஆள் என்றான் இன்னொருவன். டீ குடிக்கிற இடத்தில் பேச்சே நின்றுபோனது. கண்ணாடி போட்டவர் யாராவது அந்தப் பக்கம் வந்தால் எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். மயக்கம் மட்டும், "நான் பாத்தேன்டா அவன. நல்ல ஒசரம். பேசவே மாட்டேங்கறான்" என்று அடித்துச் சொன்னான்.

மீசைக்காரர் ஒரு நாள் அக்காவின் மேஜைக்கு வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"குழிக்குன்னே தனியா ஆள் எடுத்திருக்காங்க. எதுக்கு எடுத்தாங்க? யாரும் சொல்லாம எடுப்பாங்களா?"

"யாரும் எதுவும் சொல்லலண்ணே."

"அன்னிக்கு நீங்க மட்டும்தான் பாத்தீங்க."

அக்கா உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த மனுஷன் ரோஷக்காரர். என்மேல் பரிதாபப்பட்டு ஒரு பொம்மையைப் பண்ணினீர்களா என்று நேராக மேனேஜரிடம் போய் நின்றாலும் நிற்பார். சுற்றி இத்தனை காது வேறு. யாரை நம்புவது? "உங்க வேலையைப் பாருங்கண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

"சரிங்க மேடம்" என்றார் மீசைக்காரர்.

அந்த ஒரு 'மேடம்' அக்காவை அடித்துப் போட்டுவிட்டது. வீட்டுக்குப் போய் அழுதாள். கணவர் காரணம் கேட்டதற்கு, "உங்களுக்கு எதுக்கு?" என்று அவர்மேல் பாய்ந்தாள். அதற்கப்புறம் வாரக்கணக்கில் மேடம்தான். வாரத்தில் ஒரு சாயங்காலம் மட்டும் அவள் படியிறங்கும்போது மீசைக்காரர் பின்னாலேயே வருவார். பேச்சு கிடையாது, சிரிப்பு கிடையாது, நாலு படி தள்ளி அவருடைய செருப்புச் சத்தம் மட்டும் வரும். நான் யாரிடம் போய் என்ன சொல்கிறேன் என்று வேவு பார்க்கிறார் என்று நினைத்து அக்கா வேகவேகமாக இறங்குவாள். அவரும் வேகமாக இறங்குவார்.

குட்டு உடைந்ததற்கு அக்காவின் வாயே காரணம். நாளெல்லாம் திரையைப் பார்த்து மேனேஜருக்குத் தலைவலி. "எங்க வீட்டுக்காரர் கடைக்குப் போங்க சார், நல்லா பாத்துக் கொடுப்பாரு" என்று பழக்க தோஷத்தில் சொல்லித் தொலைத்துவிட்டாள். மேனேஜர் போனார். கடை வாசலில் அவருடைய கம்பெனியின் முதல்தர மெக்கானிக் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் புதுக் கண்ணாடியோடு வந்த மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம்.

"இந்த ஆள் பேர்ல சம்பளம் யாருக்குப் போகுது?"

"யாருக்கும் போகல சார். நீங்களே பாத்துக்கலாம்."

"பாத்துட்டேன். போகல. அப்ப எதுக்கு இது?"

அக்கா தரையைப் பார்த்தாள்.

"காரணத்தைச் சொன்னா பேசிக்கலாம். சொல்லலன்னா நாளைலேருந்து நீங்க வர வேண்டாம். நான் இதை மூடி மறைக்க முடியாது. சாயங்காலம் எல்லாரையும் வரச் சொல்லியிருக்கேன்."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் மெக்கானிக்குகள் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். சுவரில் கண்ணாடிக்காரரின் முகம் பெரிதாக விழுந்தது. மேனேஜர் விஷயத்தைச் சொன்னார். இப்படி ஒரு ஆளே கிடையாது, இது ஒரு கடை விளம்பரம். எல்லாத் தலையும் மயக்கத்தின் பக்கம் திரும்பின. அவன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தான்.

"ஏன் செஞ்சாங்கன்னு அவங்க சொல்ல மாட்டேங்கறாங்க. உங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

எல்லாரும் சுவரில் விழுந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா சுவரோரம் நின்றாள். ஒரு வார்த்தை சொன்னால் வேலை தங்கும். அந்த ஒரு வார்த்தை ஓரத்து நாற்காலியில் மீசையோடு உட்கார்ந்திருந்தது. சொல்ல மாட்டேன் என்று அவள் முடிவு செய்து ரொம்ப நேரமாகிவிட்டது. இத்தனை வருஷம் உழைத்த இடத்திலிருந்து திருடியைப் போல வெளியே போகிறோமே என்பதுதான் தாங்கவில்லை.

மேனேஜர் கண்ணாடிக்காரருக்கு வந்த வேலைகளைச் சுவரில் காட்டினார். மீசைக்காரர் எழுந்து கிட்டே போய்ப் படித்தார். குழி, குழி, குழி. எல்லாமே குழி. பாதிக்கு மேல் அவர் வீட்டைச் சுற்றி இருக்கிற தெருக்கள். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனவர், பாதியில் விரலை எடுத்துவிட்டார். திரும்பி அக்காவைப் பார்த்தார்.

"சார்" என்றார். குரல் உடைந்திருந்தது. "இது எனக்காகப் பண்ணது. என்னால குழியில எறங்க முடியாது. அன்னிக்குப் பெட்டி வந்து நெஞ்சுக்கு மேல நின்னதுலேருந்து முடியல. எத்தனையோ தடவை முயற்சி பண்ணிட்டேன். கால் வர மாட்டேங்குது. அக்காவுக்கு மட்டும் தெரியும். வேற யாருக்கும் தெரியாது. நான்தான் டிக் போடச் சொன்னேன். அனுப்பறதுன்னா என்னை அனுப்புங்க."

செருப்பு வாரை விட்டுவிட்டு மயக்கம் தலையை நிமிர்த்தினான்.

"எனக்குத் தெரியும்ணே."

"எனக்கும்" என்றான் பின்வரிசையில் ஒருவன். "ஒரு தடவை உங்களுக்குப் பதிலா குழிக்குப் போனவன் நான்தானே. படியில உங்க டார்ச்சு கெடந்துச்சு."

"எனக்கும் தெரியும். அக்கா ஃபோன் பண்ணி நீ போன்னா, நான் ஏன்னு கேட்டிருக்கேனா?"

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒவ்வொருவனும் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்து இத்தனை வருஷம் வாயைக் கட்டி வைத்திருந்தான். பொய்யை மூக்கால் முகர்ந்து பிடிக்கிறவள் என்று பெயர் வாங்கிய அக்காவுக்கு, கூடம் நிறைய இருந்த இந்த மௌனம் ஒரு நாளும் பிடிபடவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேனேஜர் புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க செஞ்சது தப்பு" என்றார் அக்காவிடம்.

"தப்புதான் சார்."

"அந்தப் பொம்மையை அழிச்சிடுங்க. அவருக்குக் குழி டிக்கை எடுத்துடுங்க. தலைமை மெக்கானிக் கிரேடு அப்படியே இருக்கட்டும், நான் மேல பேசிக்கறேன். நாளைக்கு ரெண்டு பேரும் எப்பவும் போல வேலைக்கு வாங்க."

மேலே பேசிக்கொள்கிறேன் என்றால் நிஜமாகவே பேசுவாரா என்று அக்காவுக்குச் சந்தேகம்தான். இருந்தாலும் எல்லார் எதிரிலும் சொல்லியிருக்கிறார் என்பதை மனதில் குறித்துக்கொண்டாள். உட்கார்ந்து கண்ணாடிக்காரரைத் திறந்தாள். நிச்சயமாக அழிக்கவா என்று இயந்திரம் கேட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளைவிட அதிகமாகச் சந்தேகப்படுகிற ஒன்றைப் பார்த்தாள். அமுக்கினாள்.

"பாவம், ஒரு நாள் லீவு எடுக்கலயே மனுஷன்" என்றான் மயக்கம்.

கூட்டம் கலைந்தது. லிஃப்ட் வந்து கதவைத் திறந்துகொண்டு நின்றது. எல்லாரும் நெருக்கியடித்து ஏறினார்கள். அக்கா பையை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள். பின்னால் அதே செருப்புச் சத்தம்.

"நீங்க லிஃப்ட்டுல போங்கண்ணே. முட்டி வலிக்குதுன்னு சொல்லிட்டிருந்தீங்களே."

"வலிதான்க்கா" என்றார் மீசைக்காரர். அக்கா என்ற அந்தச் சொல்லைக் கேட்டு அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. காட்டிக்கொள்ளாமல் இறங்கினாள்.

"அப்ப எதுக்குப் படியில வரீங்க?"

"இன்னிக்கு என் முறைக்கா."

"என்ன முறை?"

மீசைக்காரர் மாட்டிக்கொண்டவரைப் போல விழித்தார். கைப்பிடிச் சுவரைத் தடவினார். "அன்னிக்கு லைட்டு எரியாம விழுந்தீங்களே, இந்தத் திருப்பத்துல. நான் மேல நின்னு பாத்தேன். எறங்கி வந்தா நீங்க சங்கடப்படுவீங்கன்னு வரல. அப்புறம் பசங்ககிட்ட மட்டும் சொன்னேன், அக்கா லிஃப்ட்டுல ஏறாது, சாயங்காலம் யாராவது கூட எறங்குங்கடான்னு. அவனவனே நாள் பிரிச்சுக்கிட்டானுங்க."

அக்கா நின்றுவிட்டாள். இத்தனை சாயங்காலம். லீவு கேட்க வருகிறான், வேவு பார்க்க வருகிறான் என்று அவள் ஒவ்வொருவனையும் முறைத்துக்கொண்டே இறங்கிய அத்தனை சாயங்காலமும் அவர்கள் கூடவே இறங்கியிருக்கிறார்கள். மேடம் என்று கூப்பிட்ட வாரங்களில்கூட இந்த மனுஷன் தன் முறையை விடவில்லை.

"எம்மேல கோவமா இருந்தப்பவுமாண்ணே வந்தீங்க?"

"கோவம் வேற, முறை வேறக்கா."

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுது முடிக்கிற வரைக்கும் அவர் நாலு படி மேலேயே நின்று எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இருவரும் இறங்கினார்கள். தெருக்கதவுக்குப் பக்கத்தில் வந்ததும் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு யாரு?"

"நாளைக்குச் சனிக்கிழமை. மயக்கம்."

"அவன்தான் லீவாச்சே. அவன் மாமனாரு..."

"அவரு நெஜமாவே விழுவாருக்கா. சனிக்கிழமை ஆஸ்பத்திரியில ரத்தம் சுத்தம் பண்ற நாளு, முடிஞ்சதும் தலை சுத்திடும். அவரை வீட்ல படுக்க வச்சுட்டு, உங்களை எறக்கி விடறதுக்குன்னே வருவான்" என்று சொல்லிவிட்டு மீசைக்காரர் கதவைத் திறந்துவிட்டார்.